கடைமடை

சிகரெட்டைத் திட்டி எழுதுவதற்கு இப்போது எழுத்தாளன் தேவையில்லை. அந்தக் காரியத்தைச் சிகரெட்டுப் பெட்டியே செய்துவிடுகிறது. 2016-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலிருந்து பெட்டியின் முகத்தில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரகடத்து டீக்கடைகளில் பெட்டியாக வாங்குகிறவர்கள் குறைவு. ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று உதிரியாகத்தான் வாங்குகிறார்கள். ஆகவே படம் கடைக்காரரிடம் தங்கிவிடுகிறது. புகை மட்டும் வாங்குகிறவரோடு போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் நாள் முழுதும் அந்தப் படங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரோ வெற்றிலை கூடப் போடாத மனுஷர்!

எந்தப் பெட்டியிலும் மூளையின் படத்தை நான் பார்த்ததில்லை. போட்டாலும் யாரும் பயப்படப் போவதில்லை. வாயில் புண் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, நெஞ்சு வலித்தால் கை தானாக அங்கே போகிறது. மூளை கெட்டால் எங்கே கை வைப்பது? கெடுவது மூளையின் எந்த இடம் என்பது தெரிய வந்தபோது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரகடம் என்று சொன்னேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஊர் அது. ஏரியும் வயலுமாக இருந்த பூமி. 2010-இல் ரெனால்ட்-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை வந்தது; 2012-இல் டெய்ம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை; மறு வருஷம் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள். பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் அதற்குத் திருகாணி செய்து கொடுக்கிறவன், ஒயர் கட்டிக் கொடுக்கிறவன் என்று பின்னாலேயே ஒரு பரிவாரம் வந்துவிடும் அல்லவா? வந்துவிட்டது. ஷிப்டு விடுகிற வேளையில் அந்தச் சாலையோரத்தில் நின்று பார்க்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே எட்டு மணி நேரம் தீப்பெட்டியை நினைக்கக் கூட முடியாது. வெளியே வந்ததும் நேராக டீக்கடை. கடையின் தூணில் கயிறு கட்டி ஒரு லைட்டர் தொங்குகிறது. திருவண்ணாமலைப் பையனும் ஒரிஸ்ஸாப் பையனும் பீகார்ப் பையனும் அந்தக் கயிற்றைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் புரியாது. லைட்டரை நீட்டும்போது மட்டும் எல்லோருக்கும் பாஷை ஒன்றாகிவிடுகிறது. புகை பிடிக்காத நான் கூட அந்த இடத்தில் நிற்கப் பிரியப்படுவேன். களைப்பும் சிநேகமும் கலந்த அந்த வேளை அவ்வளவு அழகு. அழகு என்று சொல்லாமல் அதன் கெடுதலை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

ஒரகடத்துக்குக் கிழக்கே படப்பையில் என் அக்கா வீடு. அத்தான் அம்பத்தூரில் ஃபிட்டராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ஐம்பத்தைந்தாவது வயசில் ஒரகடத்து உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு மெயிண்டனன்ஸ் ஃபோர்மனாக வந்து எட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவருடைய வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. ஓடுகிற மோட்டாரின் மேல் ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை வைப்பார். அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். நாடி பார்க்கிற வைத்தியர் போல இருக்கும். “பேரிங் போவுது. இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்” என்பார். இரண்டு வாரம்தான் தாங்கும். இருபது வயசிலிருந்து நாளைக்குப் பதினைந்து சிகரெட். காதில் ஸ்குரூ டிரைவர் இல்லாத நேரங்களில் காதின் மேல் ஒரு சிகரெட் செருகியிருக்கும்.

அறுபத்தெட்டு வயசுக்கு மேல் அத்தான் மாறினார். அக்காவுக்கு அதற்கு ஒரே ஒரு சொல்தான்: பிடிவாதம். “கேட்டா பதில் சொல்றதில்ல. கூப்பிட்டா எழுந்து வர்றதில்ல. வேணும்னே செய்யறாரு” என்பாள். பதில் வராமல் இல்லை. கேள்வி கேட்டுப் பத்து எண்ணின பிறகு வரும். அதற்குள் கேட்டவள் சமையற்கட்டுக்குப் போயிருப்பாள். பதில் என்னவோ சரியாகத்தான் இருக்கும். நடை சுருங்கிவிட்டது, தரையில் பாதம் ஒட்டிக்கொண்டது போல அடி மேல் அடி வைத்தார். ஒருநாள் வீட்டுக் கிணற்று மோட்டாரில் சத்தம் கேட்டது. பழைய வழக்கப்படி ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். “பேரிங்” என்றார். சரியாகச் சொன்னார். பிறகு கழற்ற உட்கார்ந்தார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை அந்த நான்கு போல்ட்டுகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் அக்காவுக்கு ஒரு சந்தோஷம். அத்தனை வருஷச் சிகரெட்டை அத்தான் தாமாகவே விட்டுவிட்டார்! யாரும் சொல்லவில்லை, வேண்டுதல் இல்லை, சண்டை இல்லை. ஒரு மாசம் பெட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ப் பெருமாளுக்கு அர்ச்சனை கூடச் செய்துவிட்டு வந்தாள்.

அக்கா பிள்ளை ஒரகடத்தில் ஒயரிங் ஹார்னஸ் பிரிவில் வேலை செய்கிறான். முப்பத்திரண்டு வயசு. அப்பாவின் வித்தை அவனுக்கு வரவில்லை, சிகரெட் வந்திருக்கிறது. அவன்தான் பிடிவாதத்தை நம்பாமல் அப்பாவைச் சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனான். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ஒரு அம்மாள், நிதானமான பேச்சு. இன்றைக்கு என்ன தேதி, இது எந்த ஊர், கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டார். அத்தான் மெதுவாக, ஆனால் தவறில்லாமல் சொன்னார். அக்கா எங்களைப் பெருமையோடு பார்த்தாள். பிறகு டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அத்தான் வட்டம் அழகாகப் போட்டார். ஃபிட்டர் போட்ட வட்டம். ஆனால் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே நெருக்கி அடுக்கிவிட்டு, மற்றப் பாதியைக் காலியாக விட்டுவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சிகரெட்டை எப்ப நிறுத்தினார்?” என்று டாக்டர் கேட்டார்.

அக்கா முகம் மறுபடியும் மலர்ந்தது. தானாகவே விட்டுவிட்டார் என்று அர்ச்சனை வரைக்கும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். “விடணும்னு முடிவு பண்ணி விட்டாரா, இல்ல, கேக்கணும்னே தோணலையா?” என்றார். அத்தானைப் பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை கூட மூளையில் ஒரு பாதை வழியாகத்தான் வர வேண்டும் போலிருக்கிறது. அந்தப் பாதை அடைபட்டால் கெட்ட பழக்கமும் போய்விடும். நல்ல பழக்கமும் போய்விடும்.

எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார் டாக்டர். அதில் ஒரு வேடிக்கை. மூளைக்குள்ளே சாம்பல் நிறப் பகுதி, வெள்ளைப் பகுதி என்று இரண்டு உண்டு. நினைக்கிற அணுக்கள் மேல்தோல் போன்ற சாம்பல் பகுதியில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளின் கட்டுதான் வெள்ளைப் பகுதி. மூளையில் ஏறக்குறையப் பாதி இதுவே. இழைகளைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருப்பதால் அந்த வெள்ளை. ஆனால் இந்தப் படத்தில் ஆரோக்கியமான வெள்ளைப் பகுதி கறுத்துத் தெரியும். கெட்டுப்போன இடம்தான் வெளேரென்று தெரியும். அத்தானின் படத்தில் அங்கங்கே சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு பக்கமும் தெறிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகியிருந்தன.

எனக்குப் புரியும்படி சொன்னவன் அக்கா பிள்ளைதான். “மாமா, பாட்டரி நல்லா இருக்கு. பல்பும் நல்லா இருக்கு. நடுவுல ஒயர்ல இன்சுலேஷன் போயிடுச்சு” என்றான். அவன் நாள் முழுதும் செய்கிற வேலை அது. ஒரு காரின் உள்ளே ஓடுகிற ஒயரை நீட்டினால் கிலோமீட்டர் கணக்கில் வரும். 2003-இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மனுஷ மூளையின் உறையிட்ட இழைகளை அளந்து கணக்குப் போட்டார்கள். இருபது வயசு ஆண்பிள்ளை ஒருவனின் மூளையில் அது 1,76,000 கிலோமீட்டர். பூமியை நான்கு தடவை சுற்றினாலும் மீதி இருக்கும். வயசாக ஆக அது தானாகவே குறைகிறது. உறை நன்றாக உள்ள இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை கூட ஓடுமாம். உறை இல்லாததில் ஒன்றிரண்டு மீட்டர்தான். பத்து எண்ணின பிறகு வந்த பதில்களை நான் நினைத்துக்கொண்டேன். அத்தான் பதிலை மறைத்து வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கவில்லை. பதில் தூரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது.

இனி, சிகரெட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஏரிப் பாசனம் தெரிந்த காஞ்சீபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். மதகுக்குப் பக்கத்தில் இருப்பது தலைமடை. கால்வாயின் கடைசியில் இருப்பது கடைமடை. கால்வாய் தூர்ந்தால் முதலில் காய்வது எது? தலைமடைக்காரனுக்குச் சங்கதியே தெரியாது. அவன் வயலில் தண்ணீர் நிற்கும். மூளையின் மேற்பரப்பில் ரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னிக்கொண்டிருக்கின்றன. ஒன்று அடைத்தாலும் இன்னொன்று கொஞ்சம் உதவும். உள்ளே ஆழத்தில் இருக்கிற வெள்ளைப் பகுதிக்குப் போவதோ மயிரிழை போன்ற நீண்ட குழாய்கள், பக்கத்துணை இல்லாதவை. அதுதான் மூளையின் கடைமடை. சிகரெட் புகை ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. குழாய் தடித்து உள்வாய் குறுகுகிறது. ரத்தம் எளிதில் கட்டிக்கொள்கிறது. நிகோடின் அழுத்தத்தை ஏற்றுகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு, பிராண வாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொண்டு பிராண வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்வாயும் தூர்ந்து, வருகிற தண்ணீரிலும் சாரம் இல்லாவிட்டால் கடைமடைப் பயிர் எத்தனை நாள் நிற்கும்?

பக்கவாதம் போல ஒரு நாளில் விழுவதில்லை இது. வருஷக்கணக்கில், வலியில்லாமல், ஒவ்வொரு பாத்தியாகக் காய்கிறது. 1894-இலேயே ஜெர்மனியில் பின்ஸ்வாங்கர் என்ற வைத்தியர், வெள்ளைப் பகுதி நலிந்து அறிவு மங்கும் நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்தார். உயிரோடிருக்கிறவரின் தலைக்குள் அதைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வர வேண்டியிருந்தது. இதில் ஞாபகம் முதலில் போவதில்லை என்பதுதான் ஏமாற்று. வேகம் போகிறது, ஒன்றன் பின் ஒன்றாகக் காரியத்தை அடுக்கும் திறமை போகிறது, நடை போகிறது, எதிலும் ஒரு பிடிப்பு இல்லாமல் போகிறது. கல்யாண வருஷம் சரியாக ஞாபகம் இருக்கிறவருக்கு மறதி நோய் என்றால் எந்த மனைவி நம்புவாள்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மாள் பழியைச் சிகரெட்டின் தலையில் மட்டும் கட்டவில்லை. அத்தானுக்குப் பத்து வருஷமாக ரத்த அழுத்தம். மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. சர்க்கரையும் எல்லைக்கோட்டில். “எது எவ்வளவு செஞ்சதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லாமா சேர்ந்து ஒரே குழாயைத்தான் கெடுத்திருக்கு” என்றார். எங்கள் பெரியம்மா புகையிலையின் வாசனையே அறியாதவள். கடைசி நான்கு வருஷம் பெற்ற பெண்ணைத் தன் தாயார் என்று நினைத்துக்கொண்டு “அம்மா, பசிக்குது” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பது வயசில் பீடியை இழுத்துக்கொண்டு நிலக் கணக்கைப் பைசா பிசகாமல் சொல்லும் கிழவர்களும் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது எங்களைப் போன்ற கதைக்காரர்களின் வேலை. டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள்.

அப்படி எண்ணினவர்களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு கூட்டத்தின் கணக்கு பிரசித்தமானது. நடு வயசில் இருந்த 21,123 பேரிடம் 1978-இலிருந்து 1985 வரை பழக்கங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முடிவு 2010-இல் வெளியாயிற்று. நடு வயசில் தினம் இரண்டு பெட்டிக்கு மேல் பிடித்தவர்களுக்குப் பின்னால் அறிவு மங்கும் நோய் வந்த ஆபத்து, பிடிக்காதவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாற்பது வயசில் வாங்கின கடனுக்கு எழுபதில் ஜப்தி.

இதற்கு நேர்மாறாக, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அல்ஸைமர் நோய் குறைவாக வருகிறது என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். எங்கள் எழுத்தாள நண்பர்கள் சிலர் அதை மந்திரம் போல உச்சரிப்பார்கள்; விரலிடுக்கில் புகையில்லாமல் வாக்கியம் வராது என்கிற கூட்டம் அல்லவா! 2010-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்து, யார் யார் புகையிலைக் கம்பெனிகளோடு தொடர்புள்ளவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். தொடர்புள்ளவர்களின் ஆராய்ச்சியில் சிகரெட் காப்பாற்றியது. தொடர்பில்லாதவர்களின் ஆராய்ச்சியில் கெடுத்தது. வேறொரு சிக்கலும் உண்டு. புகை பிடிப்பவர்களில் பலர் மறதி வருகிற வயசு வருமுன்பே போய்விடுகிறார்கள். மிஞ்சி நிற்கிற கெட்டி ஆசாமிகளை மட்டும் எண்ணினால் புகை அமிர்தமாகத்தான் தெரியும். லான்ஸெட் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-இல், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்லியது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகத்தில் இந்த நோயில் 100-க்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. புகை அந்தப் பட்டியலில் இருக்கிறது; ரத்த அழுத்தமும் இருக்கிறது. நம் தேசத்தில் அறுபது தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று 2023-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கிறார்களோ!

என் தொழிலையே இது ஆட்டி வைக்கிற விஷயம். நாவல் எழுதுகிறவன் குணத்தை வைத்துப் பிழைக்கிறவன். சோம்பேறி, அலட்சியக்காரன், ஈரமில்லாதவன் என்று ஒரு பாத்திரத்தை நிறுத்திவிட்டால் முப்பது அத்தியாயம் தானாக ஓடும். அந்த ஈரமின்மைக்குக் காரணம் நெஞ்சில் இல்லை, மண்டைக்குள் ஒரு மயிரிழைக் குழாய் தடித்ததுதான் என்றால் கதை என்ன ஆவது? இதற்காக எல்லாக் கிழவர்களையும் எம்.ஆர்.ஐ.க்குள் அனுப்பிவிட்டுத்தான் கதை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிவாதம் என்று ஒன்று உலகத்தில் நிஜமாகவே உண்டு. அத்தானுக்கு இளமையில் அது நிறையவே இருந்தது. ஆனால் ஒரு மனுஷர் அறுபத்தைந்துக்கு மேல் திடீரென்று வேறு ஆளாகிறபோது, அதைக் குணம் என்று எழுத என் பேனா இப்போது கொஞ்சம் தயங்குகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகு அக்கா பிள்ளை எங்களைக் காரில் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே ஓடினான். அவன் கேட்ட கேள்வியை எனக்கு அப்புறம் சொன்னான். “அப்பாவுக்கு இது திரும்புமா?” என்று கேட்கவில்லை, அது படத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. காய்ந்த பாத்தி பெரும்பாலும் மறுபடி துளிர்ப்பதில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் பரவுகிற வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். “நான் இப்ப விட்டா எனக்கு உண்டா?” என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். உண்டு என்றிருக்கிறார் டாக்டர். கொரியாவில் அறுபது வயசு தாண்டிய 46,140 ஆண்களைப் பார்த்து 2018-இல் எழுதியிருக்கிறார்கள். விட்டு நான்கு வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கு, ரத்தக் குழாய்க் கோளாறால் வரும் அறிவு மங்கல், விடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அறுபதிலேயே அப்படி என்றால் முப்பத்திரண்டில் கேட்பானேன்?

அக்கா இப்போது பிடிவாதம் என்ற சொல்லை எடுப்பதில்லை. போன மாசம் அந்த மோட்டாரை மறுபடி கழற்ற அத்தானை உட்கார வைத்தாள். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. “இப்ப எதைக் கழட்டணும்?” என்று கேட்பாள். பதில் வரும் வரைக்கும் சும்மா இருப்பாள். வந்ததும், “சரி, அதை மட்டும் கழட்டுங்க” என்பாள். “அடுத்தது?” என்பாள். மறுபடி காத்திருப்பாள். அரை மணி வேலைக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. பேரிங் மாற்றியாகிவிட்டது. மோட்டார் ஓடுகிறது.

பிள்ளை பதினொன்றிலிருந்து நான்குக்கு வந்திருக்கிறான். ராத்திரி ஷிப்டு முடிந்து வெளியே வந்தவுடன் குடிக்கிற ஒன்றுதான் மசிய மாட்டேன் என்கிறதாம். டீக்கடையை மாற்றிப் பார்த்தான். அங்கேயும் ஒரு லைட்டர் தொங்குகிறது. டாக்டர் சொன்னபடி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மூன்று நாள் வெவ்வேறு வேளையில் பார்த்தும் 148-க்கு 94-இலிருந்து இறங்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அந்த டப்பாவை, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், அத்தானின் மாத்திரை டப்பாவோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.